நான் கேட்க மறந்த சட்டை

மூன்று வருடங்களுக்கு முன்பு, பங்குனி வெயில் மண்டையைப் பிளந்த சமயம். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் நான் ஆராய்ச்சி மாணவி. தோலில் வெயில் பட்டு ஒருவர் உடம்பில் வைட்டமின் டி எவ்வளவு உண்டாகும், எப்படி மாறிச் செலவாகும் என்பதை நிகழ்தகவுக் கணக்கு வைத்து ஊகிக்கும் கம்ப்யூட்டர் மாடல் ஒன்றை உருவாக்கியிருந்தேன். வயது, எடை, சாப்பாடு, வெயிலில் இருக்கும் நேரம் எல்லாம் கொடுத்தால் சொல்லிவிடும். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாடல் சொல்வது சரிதானா என்று பார்க்க, வடமதுரைப் பக்கம் தக்காளி பறிக்கும் பெண்களிடம் சம்மதம் வாங்கி ரத்தம் எடுத்தோம். குளித்து, நல்ல சேலை கட்டி அங்கன்வாடிக்கு வந்தார்கள். அதில் ஓர் அக்கா, குத்தவைத்து எழுந்தால் கால் எலும்பெல்லாம் வலிக்கிறது என்று போகிற போக்கில் சொன்னார். நான் அதைக் குறித்துக்கொள்ளக்கூட இல்லை. நாள் முழுக்கத் தக்காளிக் காட்டில் வெயிலில் நிற்கிறவர், வைட்டமின் டி தாராளமாக இருக்கும் என்று மாடல் அடித்துச் சொன்னது. முதலில் வந்ததே அவருடைய ரிசல்ட்தான். ரொம்ப ரொம்பக் குறைவு.

லேபில்தான் டியூபை மாற்றிவிட்டார்கள் என்று நானே முடிவுகட்டி, அந்த எண்ணை அழிக்கப் போனேன். என் கைடு மேடம் விடவில்லை. முதலில் ஆளைப் போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

தோட்டத்தில் அந்த அக்கா யாரென்றே அடையாளம் தெரியவில்லை. எல்லோரும் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையையும் முகத்தையும் சுற்றித் துண்டு. பேந்தப் பேந்த விழித்த என்னை அவரே கூப்பிட்டார். விஷயத்தைச் சொல்லி, தினமும் இந்தச் சட்டையோடுதான் வேலையா என்று கேட்டதும் சிரித்துவிட்டார்.

"வீட்டுக்காரரு சட்டை இல்லாம இம்புட்டு வெயில்ல எவ தாயி இறங்குவா? உடம்பு காந்திராதா?"

பர்தா போடுவீர்களா என்று கேள்வித்தாளில் மறக்காமல் கேட்டிருந்தேன், நானே போடுகிறவளாயிற்றே! சட்டையைப் பற்றிக் கேட்கத் தோன்றவே இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

அந்த வாரமே அவரை டாக்டரிடம் அழைத்துப் போனேன். கால்வலிக்கு இந்தக் குறைவுதான் காரணமாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்தார். மற்ற பெண்களின் ரிசல்ட்டும் அப்படியே வர, மாடலில் சட்டைக்கும் துண்டுக்கும் இடம் ஒதுக்கித் திரும்ப எழுதினேன். சில மாதம் கழித்து அக்கா போன் செய்தார்.

"இப்பல்லாம் வெடுக்குனு எந்திரிக்கிறேன் தாயி."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்றைக்கும் மாடலுக்கு ஒத்துவராத எண் ஒன்று வந்தால் அழிக்கக் கை போவதில்லை. அது யாரோ ஒருவருடைய கால்வலி என்றுதான் தோன்றுகிறது.