சூடு என்று நான் சொன்னது

எங்கள் பக்கத்தில் சிறுநீர் எரிந்தால் அதற்கு ஒரே பெயர்தான்: சூடு. விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவன் நான். மருந்து என்றால் எங்களுக்கு வெடிமருந்து. எனக்குச் சூடு பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

கல்யாணமான முதல் வருஷம், தீபாவளி சீசன் நேரத்தில் எரிச்சல் கண்டது. மூன்றாம் நாள் காய்ச்சலும் சேர்ந்து, விதை இரண்டும் வீங்கி, காலை அகட்டித்தான் நடக்க முடிந்தது. "புது மாப்ள நடையைப் பாருங்கலே" என்று கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். டாக்டரிடம் வேட்டியை அவிழ்க்க வெட்கம். "ஒண்ணுமில்ல, சூடுதான்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவள் வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள், தொப்புளில் விளக்கெண்ணெய் தடவினாள். இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது. கைராசிக்காரி என்று அவளைக் கொஞ்சினேன்.

பிறகு ஏழு வருஷம் குழந்தை இல்லை. ஸ்கேன் அவளுக்கு, ஊசி அவளுக்கு, விரதமும் அவளுக்கு. வளைகாப்பு வீடுகளில் அவளைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். ஒருநாள் நான் சாப்பிட உட்கார்ந்தபோது என் அம்மா அவள் காதுபடவே சொன்னாள்: "நமத்த வெடியக் கட்டிக்கிட்டு எம்மகன் எம்புட்டு நாளைக்குத்தான் திரி கிள்ளுவான்?" அவள் ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போனாள். நான் சாப்பிட்டு முடித்தேன். அந்தச் சோறு இன்னும் செரிக்கவில்லை.

போன வருஷம் மதுரையில் ஒரு பெண் டாக்டர்தான் முதன்முதலாக என்னையும் சோதிக்கச் சொன்னார். விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லை.

"எப்பவாவது விதை வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா?"

"வந்துச்சு மேடம். சூடு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அது சூடு இல்லங்க, கிருமி. சிறுநீர்ப் பாதை வழியா ஏறியிருக்கும். உயிரணு உள்ள உண்டாகுது, ஆனா வெளிய வர்ற குழாய் ரெண்டும் தழும்பாகி அடைச்ச மாதிரி தெரியுது. அப்பவே மாத்திரை சாப்பிட்டிருந்தா இம்புட்டு தூரம் வந்திருக்காது." ஆபரேஷன் செய்து பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். நாள் முழுக்க மருந்தில் புரள்கிறவன் நாலு மாத்திரை தின்னாமல் கெட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். கள்ளிக்குடி தாண்டியதும் மெல்லக் கேட்டாள்: "அன்னைக்கு ரொம்ப வலிச்சுச்சாங்க?"

ஆமத்தூரில் வீட்டு வாசலிலேயே அம்மா நின்றிருந்தாள். "ஒம் பொண்டாட்டிக்கு என்ன கொறையாம்லே?" என்று என்னிடம் கேட்டாள்.

நான் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்: "கொழாயில அடைப்பாம் அத்தே. எனக்குத்தான்."

ஒரு வருஷமாகிவிட்டது. நான் இன்னும் நிமிரவில்லை.