கசப்பைப் பிழிந்தால் என்ன மிஞ்சும்?

ஆடிப்பெருக்கு கழிந்து வந்த முதல் வியாழக்கிழமை. ஸ்ரீரங்கத்தில் என் அக்கா வீட்டு அடுப்படியில் நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம் — ஒரு டெஸ்ட் டியூபைப் பார்த்தபடி.

அக்காவின் கணவர், எங்கள் அத்திம்பேருக்குச் சர்க்கரை வியாதி. நீல மருந்தில் சில சொட்டு சிறுநீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் நிம்மதி. பச்சை, மஞ்சள் என்று போனால் கவலை. செங்கல் நிறம் வந்தால்? “மாத்திரை போதாது, இனி தினம் ஊசிதான்” என்று டாக்டர் சொல்லியிருந்தார். மலைக்கோட்டை உச்சிக்கு ஏறச் சொன்னால் அத்திம்பேர் ஓடியே ஏறுவார். ஊசி என்றால் உட்கார்ந்துவிடுவார்.

அதனால்தான் ஆடி பிறந்ததிலிருந்து மாத்திரையோடு பாகற்காயும். யோசனை என்னுடையது. பாகற்காயில் ‘ஆன்டி-ஆக்ஸிடன்ட்’ என்று ஏதோ இருப்பதாக ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் படித்தேன். படித்தேனே தவிர, புரியவில்லை. என் பக்கத்து வீட்டுக் கெமிஸ்ட்ரி பேராசிரியர் அருள்சாமியிடம் கேட்டேன்.

“இரும்பு துருப்பிடிக்குதுல்ல சார்? உடம்புக்குள்ளயும் கிட்டத்தட்ட அப்படி ஒண்ணு நடக்குது. அதைத் தடுக்குற சரக்குங்க அது.”

“அப்ப சர்க்கரை குறையுமா?”

“அது வேற டிபார்ட்மென்ட் சார். குறையுதுன்னும் சொல்றாங்க, இல்லேன்னும் சொல்றாங்க.”

துருவா, சர்க்கரையா? அந்தக் குழப்பத்தோடேயே, தினமும் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு லால்குடியிலிருந்து வரும் பாகற்காயை வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை — அன்று கசப்புக் காய் அடுப்பேறக் கூடாது என்பது அக்கா வீட்டுச் சட்டம்.

டெஸ்ட் டியூப் கொதித்தது. பச்சை... மஞ்சள்... செங்கல். அசல் சூளைச் செங்கல்!

“மூணு வாரமா இதையே தின்னுண்டிருக்கேனேடா ரங்கு!” அத்திம்பேர் குரல் உடைந்துவிட்டது. “உன் பத்திரிகையைக் கொண்டுபோய்க் காவேரில போடு!”

எனக்கு எங்கேயோ உதைத்தது. “அக்கா, பாகற்காயை எப்படிப் பண்றே?”

“எல்லாரும் பண்றாப்பலதான். நறுக்கி, உப்புப் பிசறி வச்சு, கசப்புத் தண்ணியை ஒட்டப் பிழிஞ்சு கொட்டிட்டு, புளியில வேகவச்சு, பருப்பும் தேங்காயும் அரைச்சு விட்டுப் பிட்லை.”

“வெல்லம்?”

“வெல்லம் இல்லாமப் பிட்லையா? நன்னாயிருக்கே! ஒரு கைப்பிடி போடுவேன். இவர் முகத்தைச் சுளிச்சார்னா இன்னொரு கைப்பிடி.”

அத்திம்பேர் உத்தரத்தைப் பார்த்தார். “அதான் அத்தனை ருசியா இருந்தது” என்றார் மெதுவாக.

சனிக்கிழமை மூவருமாக டாக்டரிடம் போனோம். கதையைக் கேட்டு டாக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆனால் சிரித்துக்கொண்டே கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைக்கச் சொல்லிவிட்டார்.

“பாகற்காய் நல்லதா, இல்லையா டாக்டர்?” என்றேன். எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

“நல்ல காய்தாங்க. தாராளமா சாப்பிடட்டும். ஆனா மருந்துக்குப் பதிலா இல்ல. வெல்லம் பக்கத்துலயே வரக் கூடாது.”

“துருப்பிடிக்காதுன்னு...”

“அதை நீங்க பத்திரிகையில எழுதுங்க சார். சிஸ்டர், ஊசியைக் குடுங்க.”

அத்திம்பேர் கண்ணை இறுக மூடிக்கொண்டு பெருமாளைக் கூப்பிட்டார். கண்ணைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

“இவ்வளவுதானா?” என்றார். “இதுக்கா மூணு வாரம் பாகற்காய் தின்னேன்?”

“நீங்க தின்னது வெல்லம்” என்றாள் அக்கா.

என் குழப்பம் மட்டும் தீரவில்லை. துருவைத் தடுக்கும் அந்தச் சத்து காயில் தங்கியதா, பிழிந்த தண்ணீரோடு போயிற்றா? பேராசிரியரைக் கேட்டால் அதுவும் வேறு டிபார்ட்மென்ட் என்பார். தண்ணீர் போன வழி மட்டும் தெரியும் — அக்கா வீட்டுச் சாக்கடை, அங்கிருந்து கொள்ளிடம்.

கொள்ளிடமாவது துருப்பிடிக்காமல் இருக்கட்டும்!