கிற்றாருக்கு ஆயுத பூசை

முதலில் என் மடைத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்து ஏசுவதைவிட அது எனக்குக் கொஞ்சம் மரியாதை. ஒரு மனிதர் விட்டுப்போன கடைசி அடையாளத்தை, மண்ணெண்ணெயில் பஞ்சைத் தோய்த்து, அரை நாள் மினக்கெட்டு, வியர்க்க வியர்க்கத் துடைத்து அழித்தவன் நான். அழித்துவிட்டு, "எப்பிடி மினுங்குது பாத்தியே?" என்று மனைவியிடம் கேட்டும் இருக்கிறேன்.

அவள் கதவு நிலையில் சாய்ந்தபடி, "உங்கட மோட்டச்சைக்கிளையும் ஒருநாள் இப்பிடித் துடைச்சிருந்தா அதுவும் மினுங்கியிருக்கும்" என்றாள்.

துடைத்தது ஒரு கிற்றாரை. அது என்னுடையதல்ல.

நான் பரந்தனில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். கோயில் திருவிழா, கலியாணம், சாமத்தியச் சடங்கு, செத்தவீடு என்று ஊரின் சத்தம் எல்லாம் என் பெட்டிகள் வழியாகத்தான் வெளியே வரும். அதனால் எனக்கு இசை தெரியும் என்று சனம் நினைக்கிறது. நானும் மறுப்பதில்லை. உண்மையில் என் இசை வாழ்க்கை ஒரு டம்பரினோடு தொடங்கி அதோடேயே முடிந்தது. சமாதான காலத்தில் எங்களிடம் ஒரு இசைக்குழு இருந்தது. அதை நடத்தியவரை நாங்கள் எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். தாளம் ஒரு பக்கம் போகும், என் டம்பரின் இன்னொரு பக்கம் போகும். மூன்றாவது நிகழ்ச்சி முடிந்ததும் அண்ணை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ வடிவாச் சிரிக்கிறாய். அதைக் கையில பிடிச்சுக்கொண்டு சிரி. ஆட்டாதை."

அதன்பிறகு இரண்டு வருடம் ஆட்டாமல் சிரித்தேன். அந்தக் குழுவில் ஒரு பிழையும் விடாத ஒரே கலைஞன் நான்தான்.

அண்ணை வாசித்தது கரண்டில் வேலை செய்கிற கிற்றார். ஆனால் மற்றவர்களுடையதுபோலப் பலகைத் துண்டாக இருக்காது. உள்ளே வெறும் வயிறு. நெஞ்சில் இரண்டு பக்கமும் வளைந்த வெட்டு. நடுவில் தேன் நிறம், ஓரத்துக்குப் போகப் போகக் கருகிய பழுப்பு. தான் பிறப்பதற்கு முன்னமே செய்தது என்று அண்ணை பெருமையாகச் சொல்வார். கொழும்பில் வயதான ஒரு வாத்தியக்காரரிடம் வாங்கியதாம். வயர் கொழுவாமல் மடியில் வைத்துத் தட்டினாலே பக்கத்துக் கதிரைக்குக் கேட்கும். கொழுவிவிட்டால், நல்ல இருமல் மருந்து தொண்டையில் இறங்குகிற மாதிரி ஒரு சத்தம்.

சண்டை திரும்பத் தொடங்கி வன்னிப் பாதை பூட்டுவதற்குக் கொஞ்சம் முந்தி, குமிழ் ஒன்று கரகரக்கிறது என்று அண்ணை அதை வவுனியாவில் றேடியோ திருத்துகிற ஒருவரிடம் கொடுத்தார். பாதை பூட்டியது. கிற்றார் அங்கே, நாங்கள் இங்கே. பிறகு நடந்ததை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் கடற்கரை மணலுக்கு வந்து சேர்ந்தோம். அங்கே ஒரு காலை, தண்ணீர் எடுக்கப் போன அண்ணை திரும்பி வரவில்லை. உடலும் இல்லை, செய்தியும் இல்லை.

சண்டை முடிந்து, அடைத்து வைத்திருந்த முகாமிலிருந்து வெளியே விட்டதும், அண்ணையின் மனைவி, அக்கா என்று நான் கூப்பிடுகிறவர், முதல் வேலையாக வவுனியாவுக்குத்தான் போனார். றேடியோக்காரர் அலுமாரிக்கு மேலே இருந்த பெட்டியை இறக்கிக் கொடுத்தாராம். ஒரு கீறல் இல்லை. எங்களில் ஒருவரும் அப்படி வந்து சேரவில்லை.

அக்கா இப்போது ஜெயபுரத்தில் தனியாக இருக்கிறார். கொஞ்சம் வயல், நாலு ஆடு. போன வருடம் மாரி தொடங்குகிற நேரம் குரங்குகள் வீட்டுக் கூரை ஓடுகளை உடைத்துவிட்டன. மழை உள்ளேயும் பெய்தது. என்னைக் கூப்பிட்டு, பெட்டியைக் கையில் தந்தார்.

"தம்பி, ஓடு மாத்தி முடியுமட்டும் இதை உன்ர வீட்டில வைச்சிரு. இருந்தபடியே இருக்கட்டும். பத்திரம்."

"என்ர அம்பிளிபயரை விடப் பத்திரமா வைச்சிருப்பன் அக்கா."

"உன்ர அம்பிளிபயரைக் கண்டிருக்கிறன். அதைவிட நல்லா வை."

இந்தக் கடைசிச் சொல்தான் என் மண்டையில் நின்றது. "இருந்தபடியே" என்றது காற்றோடு போய்விட்டது.

அந்தக் கிழமைதான் ஆயுத பூசை வந்தது. எங்கள் தொழில்காரர் வீட்டில் அன்று ஒரு கருவியும் அழுக்கோடு சாமிக்கு முன்னால் இருக்கக் கூடாது. அம்பிளிபயர், மிக்சர், மைக், குறடு, திருப்புளி, மண்வெட்டி வரை எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து அடுக்குவோம். அடுக்கி முடித்துப் பார்த்தால், மூலையில் கிற்றார்ப் பெட்டி. இந்த வீட்டில் இருக்கிற ஒரே உண்மையான வாத்தியம் அது. அதைப் பூட்டி வைத்துவிட்டு மண்வெட்டிக்குப் பொட்டு வைப்பதா?

திறந்தேன். கம்பிகள் கறுத்துத் துருப்பிடித்திருந்தன. விரல் அழுத்துகிற பலகையில், அழுத்திய இடமெல்லாம் கரிய அழுக்கு. வலது முழங்கைப் பக்கம் சாய்கிற இடத்தில், அந்த மினுக்கத்துக்கு நடுவே, உள்ளங்கை அகலத்தில் ஒரு மங்கல். ஐயோ, அண்ணையின் கிற்றார் இப்படியா கிடக்க வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. என் கண் கலங்கினால் யாருக்காவது நட்டம் வரப்போகிறது என்று அர்த்தம்.

பலகைக்கு மண்ணெண்ணெய். உடம்புக்குக் கார் பொலிஷ். கிளிநொச்சிக்கு ஓடிப்போய்ப் புதுக் கம்பி ஆறு. எல்லாம் முடித்து, சந்தனப் பொட்டு வைத்து, எனக்குத் தெரிந்த ஒரே பிடியைப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினேன். அயல் வீட்டு நாய் எழும்பிப் போனது.

ஓடு மாற்றி முடிந்ததும் ஓட்டோ பிடித்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜெயபுரம் போனேன். அக்கா தேத்தண்ணி வைத்துத் தந்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், பரிசு வாங்கப் போகிறவன்போல. அவர் கை நேராக அந்த மங்கல் இருந்த இடத்துக்குப் போனது. தடவினார். கிற்றாரைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். திரும்பவும் தடவினார்.

"இதில ஒரு மங்கல் இருந்தது."

"ஓம் அக்கா! லேசில போகேல்ல. அரைநாள் மினக்கெட்டனான்."

"விரல் அடையாளம்?"

"அதுக்கு மண்ணெண்ணெய்."

அக்கா கதிரையில் இருந்தார்.

"அவருக்கு வேர்க்கிற கை" என்றார். "கலியாணத்தண்டும் கையில லேஞ்சியை வைச்சுத் துடைச்சுத் துடைச்சுத்தான் தாலி கட்டினவர். ஒரு படம்கூட என்னட்ட மிஞ்சேல்ல, உனக்குத் தெரியும்தானே. இதில கையை வைச்சா அவர் கை வைச்ச இடம் தெரியும். நான் ஒருநாளும் துடைக்கேல்ல. அவர் வந்து தானே துடைக்கட்டும் எண்டு விட்டிருந்தனான்."

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"பழைய கம்பி எங்கை?"

"இருக்கு."

"எறியேல்லையே?"

"சீச்சீ. வீட்டில பத்திரமா இருக்கு."

நான் சொன்ன பொய்களில் இதைவிட வேகமாக வந்தது வேறொன்று இல்லை. அந்தக் கம்பிகளை என்ன செய்தேன் என்று பரந்தன் வரும்வரை யோசித்தேன். தடித்த இரண்டால் பூசைக்காகப் படலையின் இரண்டு பக்கமும் வாழைக்குட்டி கட்டினேன். வேறு இரண்டு கோழிக்கூட்டுக் கதவில். மிச்சம் இரண்டு எங்கே?

மனைவியிடம் கேட்டேன். குசினியில் நின்றவள் திரும்பாமலே, "ஒண்டை நான்தான் எடுத்தனான். தண்ணி போற குழாய் அடைச்சுக் கிடந்தது. குத்தி எடுக்க நல்லா இருந்தது" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் பகிடி விடவில்லை. குழாய்க்குப் பக்கத்தில் முட்டுக்காலில் இருந்து, அந்தக் கம்பியைத் தேடி எடுத்து, தண்ணீரில் கழுவப் போய், நடுவழியில் நிறுத்தி, கழுவாமலே என் கையில் தந்தாள்.

காய்ந்த வாழைகள் வேலி ஓரத்தில் கிடந்தன, கம்பியோடு. கோழிக்கூட்டுக் கதவைக் கழற்றினேன். கோழிகள் வீதிக்குப் போயின. ஐந்து கிடைத்தது. ஆறாவது, எல்லாவற்றிலும் மெல்லியது, இல்லை.

எரிந்துபோன பெரிய ஸ்பீக்கர் ஒன்றின் காந்தத்தைக் கழற்றி, கயிற்றில் கட்டி, முற்றம் முழுக்க இழுத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அயல்வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"என்ன, தங்கம் தேடுறியளோ?"

"கம்பி ஒண்டு."

"தங்கமெண்டா காந்தத்தில ஒட்டாது. அதைச் சொல்லத்தான் கேட்டனான்."

நான் காந்தத்தைத் தூக்கிக் காட்டினேன். ஆணி, சோடா மூடி, ஒரு பின்னூசி. அவற்றுக்கு நடுவே கறுத்த, விளிம்பு கூரான சின்னச் சின்ன இரும்புத் துண்டுகள், நகத்தளவில். சண்டைக்குள் எந்தச் செல் வெடித்துச் சிதறியதோ. நாங்கள் திரும்பி வந்த நாளிலிருந்து தினமும் கூட்டுகிற முற்றம் இது. அயல்வீட்டுக்காரரின் சிரிப்பு நின்றுபோனது. வேலியைச் சுற்றி வந்து, கயிற்றை என்னிடமிருந்து வாங்கி, மற்றப் பாதி முற்றத்தை அவர் இழுத்தார்.

மூன்றாம் நாள் பூச்சாடிக்குக் கீழே காந்தம் அதைப் பிடித்தது. இரண்டாக முறிந்திருந்தது.

திரும்பவும் ஜெயபுரம். இந்தமுறை பஸ்ஸில். ஒரு புது லேஞ்சியில் சுற்றிக்கொண்டு போனதை அக்காவின் மேசையில் வைத்தேன். வைத்துவிட்டு, பொய் சொன்னதையும் சொன்னேன். வாழை, கோழிக்கூடு, குழாய், பூச்சாடி, ஒன்றையும் விடவில்லை. அக்கா கேட்டுக்கொண்டே கம்பிகளைத் தடித்ததில் இருந்து மெல்லியது வரை வரிசையாக நீட்டி வைத்தார். முறிந்த இரண்டு துண்டையும் நுனியோடு நுனி பொருத்தி வைத்தார். துரு அவர் விரலில் ஒட்டியது. அந்த விரலைப் பார்த்தார். சேலையில் துடைக்கவில்லை.

பிறகு கிற்றார்ப் பெட்டியைத் திறந்து, கம்பிகளை லேஞ்சியோடு உள்ளே, கிற்றாரின் கழுத்துக்குப் பக்கத்தில் வைத்தார். கார் பொலிஷ் வாசம் இன்னும் போகவில்லை. எனக்கு ஏதாவது செய்ய வேண்டும்போல இருந்தது. சும்மா இருக்க எனக்கு எப்போதுமே தெரியாது. டம்பரினைக்கூட ஆட்டாமல் பிடித்திருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"அக்கா, முறியாத அஞ்சையும் திரும்பப் பூட்டித் தரட்டோ? புதுசைக் கழட்டிப்போட்டு, முந்தி இருந்த மாதிரியே..." என்று கையை நீட்டினேன்.

அக்கா மூடியைச் சாத்தினார்.

"கை வைக்காதை."