காருக்கு ஒன்றும் ஆகவில்லை

விபத்து நடந்த அன்று ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து கைபேசியில் இரண்டு பட்டியல்கள் எழுதினேன். காருக்கு ஆனது: நம்பர் பிளேட் வளைந்தது. அம்மாவுக்கு ஆனது: இடது காறை எலும்பு முறிந்தது, விலா எலும்புகள் மூன்று முறிந்தன.

ஆத்தூர் போகும் சாலையில், மரவள்ளிக் கிழங்கு ஏற்றி நின்றிருந்த டிராக்டர் டிரெய்லரின் பின்னால் அப்பா ஓட்டிய கார் மோதியது. வேகம் நாற்பதுக்குள்தான். பக்கத்து சீட்டில் அம்மா. இருவரும் பெல்ட் போட்டிருந்தார்கள்; அப்பா நெஞ்சில் கன்றியதோடு தப்பினார். பழைய கார், காற்றுப்பை கிடையாது.

அப்பா நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். அவர் கட்டினால் ஆடாது என்று பெயர். போன வருடம் லாரிக்குப் போடும் கனத்த இரும்பிலேயே காருக்கு முன்னால் இடிதாங்க ஒரு பம்பர் கார்டு செய்து, அடிச்சட்டத்தோடு சேர்த்துப் பற்றவைத்தார். எனக்கு வாகன உதிரிபாகங்களைச் சோதிக்கும் வேலை. அன்று பக்கத்தில் நின்று, "நல்லா இருக்குங்கப்பா" என்றேன்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "கார்டு இல்லீன்னா என்னாயிருக்கும்" என்றார்கள். அப்பா தலையாட்டினார். மூன்றாம் நாள் அம்மாவின் தம்பி வந்தார்.

"மச்சான், புதுக் கார் எடுத்திருக்கறனுங்க. அதே மாதிரி ஒண்ணு அடிச்சுக் குடுங்க."

"நீ ஓட்டற ஓட்டுக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு போடோணும் மாப்ள."

அம்மா சிரிக்கப் போய் வலியில் முகம் சுளித்தார். மாமாவின் காரில் முன்சீட்டில் உட்காரப்போவது அத்தை. அவருக்கு ஏழு மாதம்.

கணக்கு சின்னதுதான். ஓடும் காரின் வேகம் உள்ளே இருப்பவருக்கும் உண்டு. நிறையை வேகத்தால் பெருக்கினால் உந்தம். மோதியதும் அதை முழுக்க இழந்தாக வேண்டும். அதில் பேரம் கிடையாது. எவ்வளவு நேரத்தில் இழக்கிறோம் என்பதை மட்டும் மாற்றலாம். காரின் மூக்கு நசுங்க நசுங்க நேரம் கிடைக்கும், ஆற்றலும் அந்தத் தகரத்தில் செலவாகும். கார்டு மூக்கை நசுங்க விடவில்லை. நேரம் ஐந்தில் ஒரு பங்கானால் விசை ஐந்து மடங்கு. அதை பெல்ட் அம்மாவின் தோளில் இறக்கியது.

மாமா கிளம்பியதும் அப்பாவும் நானும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். உந்தம் என்று ஆரம்பித்தால் அவர் கேட்க மாட்டார்.

"ஏனுங்கப்பா, முட்டை லாரிக்கெல்லாம் பாடி கட்டறீங்க. முட்டைய ஏன் அட்டைத் தட்டுல அடுக்கறாங்க? இரும்புத் தட்டு போட்டா கெட்டியா இருக்குமில்லீங்களா?"

"தட்டு கெட்டியாத்தான் இருக்கும் சாமி. முட்டைதான் ஒடையும்."

சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கார் நசுங்கியிருக்கோணுங்கப்பா. அது நசுங்கல, அம்மா வாங்கிக்கிட்டாங்க. கார்டு போட்ட அன்னைக்கே எனக்குத் தெரியும். நீங்க ஆசையாப் பண்ணுனீங்களேன்னுதான் அப்ப சொல்லாம விட்டுட்டேன்."

அப்பா கைபேசியை எடுத்து மாமாவை அழைத்தார்.

"மாப்ள, அந்தக் கார்டு வேண்டாம். நான் போட மாட்டேன்." மாமா ஏனென்று கேட்டிருக்க வேண்டும். "உங்கக்காளுக்கு எலும்பு ஒடஞ்சது அதுனாலதான். நான் பண்ணுன வேலை."

அம்மாவின் அறைக் கதவு திறந்திருந்தது. அப்பா குரலைத் தாழ்த்தவில்லை.