காவேரி சிஸ்டரின் பத்து நிமிடம்

மண்ணூரிலிருந்து மொபெட்டில் வந்துபோகும் காவேரி, அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பதினோரு வருடமாக நர்ஸ். ஒரகடத்தில் தொழிற்சாலைகள் முளைத்த பிறகு ரத்தம் நிறுத்த அவர் பிடித்த மூக்குகள் ஏராளம். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து வைத்து, வெங்காயத்தை முகரக் கொடுத்து, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டுவிட்டுத்தான் ஆளைக் கொண்டுவருவார்கள். படித்த இன்ஜினியர்களும் இதில் சேர்த்தி.

2014 மே மாதம் ஒரு மதியம், தொழிற்சாலை சூப்பர்வைசர் ரகுபதியும் அப்படித்தான் இசக்கிபாண்டியைக் கொண்டுவந்தார். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளி. வழியெல்லாம் விழுங்கிய ரத்தத்தை வாசலிலேயே வாந்தி எடுத்தான்.

“ஐயோ, ரத்த வாந்தி சிஸ்டர்!”

“நீங்க குடிக்க வெச்ச ரத்தம் சார் அது. தம்பி, முன்னால குனிஞ்சி உக்காரு. வாயால மூச்சு வுடு.” மூக்கின் மெத்தென்ற பகுதியைக் காவேரி இரு விரலால் அழுத்திப் பிடித்தார்.

ரகுபதி குரலைத் தாழ்த்தினார். “வெயில் சூடுன்னு எழுதிக்கோங்க. ஏ.ஆர்.லாம் வேணாம்.”

ஏ.ஆர். என்பது விபத்துப் பதிவேடு. வேலையில் அடிபட்டதாக அதில் ஏறினால் தொழிற்சாலை பொறுப்பேற்க வேண்டும். ஏறாவிட்டால், சீக்காளி என்று மறுநாளே பெயரை அடித்துவிட்டு வேறு ஆளை எடுப்பார்கள். அடிபட்டது தொழிற்சாலையில், பழி வெயில் மேல்! இசக்கிபாண்டிக்கு இது தெரியும்.

“சார், நீங்க கொஞ்சம் புடிங்க,” என்றார் காவேரி. “பத்து நிமிஷம். நடுவுல வுட்டா மறுபடியும் முதல்லேருந்து பத்து நிமிஷம்.”

ரகுபதி பிடித்துக்கொண்டார். காவேரி பதிவேட்டை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

“இன்னா ஆச்சு தம்பி?”

“மெஷினுக்குக் காத்து போற குழாய் கழண்டு மூஞ்சில அடிச்சிட்டுக்கா,” என்றான் மூக்கடைத்த குரலில். “கிளிப்பு ஒடஞ்சி கெடக்குன்னு மூணு நாளா சொல்லுதேன்.”

“யாராண்ட சொன்ன?”

தன் மூக்கைப் பிடித்திருந்தவரை அவன் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தான்.

“டேய்!” என்று ரகுபதி கையை எடுக்கப் போனார்.

“சார், கை! கை!” என்றார் காவேரி.

ஊசி போட வந்து பெஞ்சில் காத்திருந்த ஒரு அம்மா சிரித்தாள். “கெட்டியா புடி சார், வுட்டுறாத!”

காவேரி ஒரு சொல் விடாமல் எழுதினார்.

ரத்தம் நின்றது. டாக்டர் மூக்கைச் சோதித்து, பதிவைப் படித்துக் கையெழுத்துப் போட்டார். நகலை இசக்கிபாண்டியின் சட்டைப்பையில் செருகினார் காவேரி. “மூக்க சிந்தாத. இத யார் கேட்டாலும் குடுக்காத.”

ரகுபதி விரல்களை உதறினார். “கையே மரத்துப்போச்சு. வேற யாரையாவது புடிக்கச் சொல்லியிருக்கலாம்ல சிஸ்டர்?”

“வேற யாரு சார் இவ்ளோ அக்கறையா புடிப்பாங்க?”