நட்டு இறுக்கினீங்களா, அண்ணே?

செய்தி வந்தபோது நான் தெம்பனிஸில் ஒரு பயணியை இறக்கிவிட்டிருந்தேன். போனில் நம் ஓட்டுநர்களின் அரட்டைக் குழுவில் ஒரே வரி: கோமதி போய்விட்டார், மாரடைப்பு. வயது நாற்பத்தொன்பதுதான். முந்தைய நாள் அதே குழுவில் யாரோ டயர் மாற்றிய படத்தைப் போட்டதற்கு, "சரி, நாளைக்கு மறுபடி இறுக்குங்க" என்று எழுதியிருந்தார். இரண்டையும் மாறி மாறிப் படித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர் ஹார்ன் அடித்த பிறகுதான் நகர்ந்தேன்.

சுவா சூ காங்கிலிருந்து வாடகைக் கார் ஓட்டிய கோமதியை, தேக்காவில் நாம் தேநீர் குடிக்கும் மேசையில் அறியாதவர் இல்லை. நம்மில் பலர் சக்கரத்தில் கை வைத்ததே கிடையாது. போன் அடித்தால் ஆள் வந்துவிடும். அவர் மட்டும், பட்டறையில் மிஷின் வைத்து இறுக்கிய நட்டுகளை வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகத் தளர்த்தி, கையால் திரும்ப இறுக்குவார். "ரோட்டுல நின்னா என் கையால கழட்ட முடியணும்ல?" என்பார். நாம் கிண்டல் செய்தோம். அதிகம் செய்தவன் நான்.

அதற்குக் கிளமெண்டியில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கார் நிறுத்துமிடத்தில் என் பின்சக்கரம் காற்றிறங்கிக் கிடந்தது. உதவிக்கு ஆள் வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். எனக்குப் பொறுமை ஏது? ஜாக் வைத்துக் காரைத் தூக்கிவிட்டு நட்டோடு மல்லுக்கட்டினேன். நட்டு அசையவில்லை, கார்தான் ஆடியது. ஸ்பேனர்மேல் ஏறி மிதித்தேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். குழுவில் நான் போட்ட புலம்பலைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த கோமதி வந்து சேர்ந்தார்.

"முதல்ல காரை இறக்குங்கண்ணே. சக்கரம் தரையில இருக்கும்போதே தளர்த்தணும்."

துருவேறிய நட்டுகளில் எண்ணெய் அடித்துவிட்டு, என்னைக் காப்பி வாங்க அனுப்பினார். குடித்து முடிக்கும்வரை சக்கரத்தைத் தொடவே இல்லை. பிறகு ஸ்பேனரின் பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் செருகி, உதைக்காமல் இழுக்காமல், மெல்லத் தன் எடையைச் சாய்த்தார். முதல் நட்டு கிறீச்சிட்டு இளகியது. "கோவத்துல மிதிச்சா போல்ட்டுதான் முறியும். சும்மா சாய்ங்க, போதும்" என்றார். மாற்றுச் சக்கரத்தை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக இறுக்கிய பிறகு, "நாளைக்கு ஓட்டிட்டு மறுபடி இறுக்கணும், மறந்துடாதீங்க" என்றும் சொன்னார்.

மறுநாள் மாலை போன் செய்தார். "நட்டு இறுக்கினீங்களா, அண்ணே?"

அடுத்த நாள் காலை அதே காரில் மனைவி, மகள், பேரப்பிள்ளைகளோடு எல்லை தாண்டி ஜோகூர் போவதாக இருந்தோம். ஸ்பேனர் கார் டிக்கியில் பயணப் பைகளுக்கடியில் கிடந்தது. நான் சோபாவில் கிடந்தேன். "இறுக்கியாச்சும்மா."

"எத்தனை நட்டு திரும்புச்சு?"

"ஒண்ணும் திரும்பல லா. எல்லாம் கல்லு மாதிரி இருக்கு."

"சரிண்ணே" என்று வைத்துவிட்டார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடி போன். "கீழதான் நிக்கிறேன். சாவி எடுத்துட்டு வாங்க." அன்று மாலை அவர் காரை இன்னொருவர் ஓட்டும் முறை. கைப்பையில் ஸ்பேனரைப் போட்டுக்கொண்டு, தீவின் அந்தக் கோடியில் இருக்கும் சுவா சூ காங்கிலிருந்து ரயிலில் வந்திருந்தார். புதிதாக மாட்டிய சக்கரத்தில் ஒன்றாவது திரும்பாமல் இருக்காது என்பது அவருக்குத் தெரியும். என்னைத் திட்டவில்லை. ஸ்பேனரை என் கையில் கொடுத்தார். இரண்டு நட்டுகள் அரைச்சுற்றுக்கு மேல் திரும்பின.

அதற்குள் என் மனைவி இறங்கி வந்து, "என்ன கோமதி, இந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"அண்ணன்தான் நட்டு லூஸா இருக்கற மாதிரி தெரியுது, வந்து பாருன்னாங்க அண்ணி. நல்லவேளை, சரியா கவனிச்சிருக்காங்க."

அந்தக் கதையைத்தான் தேக்காவிலும் சொன்னார். அன்றிலிருந்து கவனமான ஓட்டுநர் என்று எனக்கு ஒரு பெயர். இறுதிச் சடங்கில்கூட உங்களில் ஒருவர் என் தோளைத் தட்டி, "கோமதி உங்களைப் பத்தி எப்பவும் பெருமையா சொல்லும்" என்றார். நான் தலையாட்டினேன். வெட்கமாக இருக்கிறது. அந்தப் பெயர் கோமதியுடையது. நான் பொய் சொன்னவன். என் வீட்டார் நால்வரும் இன்று நலமாக இருப்பது அவர் ரயிலேறி வந்ததால்தான்.

அன்று விட்டுச்சென்ற ஸ்பேனரை அவர் திரும்பக் கேட்கவில்லை. என்னிடமே இருக்கிறது. நேற்று முன்தினம் என் முன்சக்கரத்தில் ஆணி ஏறியது, நானே மாற்றினேன். நேற்று மாலை போன் வரவில்லை. சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஸ்பேனரோடு கீழே போனேன்.

ஒன்று திரும்பியதம்மா. இறுக்கிவிட்டேன்.