நட்டவர்தான் பிடுங்க வேண்டும்

ஓய்வு பெற இன்னும் மூன்றே நாள். அக்காவின் மேசையில் ஒரு டப்பா சிவப்புப் பெயின்டும் காய்ந்துபோன பிரஷ்ஷும் இருந்தன.

அறுபது வயதிலும் அவள் எல்லோருக்கும் அக்காதான். பள்ளிக்கூடம் கைகழுவிய பிள்ளைகளையும் வீட்டுக்கு அடங்காத பிள்ளைகளையும் ஏரிக்கரைக்குக் கூட்டிவந்து, மரம் நட வைத்து, முப்பத்திரண்டு வருடங்களாக ஆளாக்கி அனுப்பியவள். அவள் முகாமில் ஒரே சட்டம்: தப்பாக நட்டால் நட்டவர்தான் பிடுங்க வேண்டும். வேறு யாரும் கைவைக்கக் கூடாது.

முதல் பத்து வருடம் அவர்கள் நட்டதெல்லாம் ஒரே வகை மரம். கடல் தாண்டி வந்த விதை. கிடுகிடுவென வளர்ந்தது, விருதுகூட வாங்கித் தந்தது. ஏரி வற்றிய பிறகுதான் உறைத்தது. தண்ணீரை உறிஞ்சிவிட்டு, அடியில் ஒரு புல்லைக்கூட முளைக்க விடாத மரம் அது. ஐந்து வருடமாக நட்டவர்களே வந்து வெட்டுகிறார்கள். வெட்ட வேண்டிய மரத்தில் அக்கா சிவப்பு வளையம் போடுவாள். வளையம் இல்லாததை யாரும் தொடமாட்டார்கள்.

மிச்சம் ஒன்று. அக்காவின் எட்டு வயது மகள், லீவு நாளில் அம்மாவோடு வந்து நட்டது. அந்த வருடமே காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

தையல்கடை வைத்திருக்கும் கணவர், ஞாயிறுதோறும் மடக்கு நாற்காலியோடு அந்த மரத்தடிக்குப் போவார். அன்று காலை செருப்பை மாட்டியபடி சொன்னார்: "உன்கிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. அது ஒண்ண மட்டும் விட்டுடு."

"பாக்கலாம்ங்க," என்றாள். அந்த ஒரு சொல்லை நம்பிக்கொண்டு அவர் கடைக்குப் போனார்.

கரையில் நழுவல் காத்திருந்தான். பதினைந்து வயதில் வேலையிலிருந்து நழுவி நழுவியே அந்தப் பெயரை வாங்கியவன். நாற்பதில் அவள் நாற்காலிக்கு வரப்போகிறவன்.

"கரை முடிஞ்சுதுக்கா. கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க."

"என்னைத் துரத்த அவ்வளவு அவசரமாடா?"

"துரத்தாட்டி நீங்க போயிடுவீங்களாக்கும்!"

"ஒண்ணு நிக்குதே."

"எங்கக்கா? எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

"நழுவாத. காய் வெடிச்சா என்ன ஆகும்?"

அவன் தலை தொங்கியது. "அடுத்த மழைக்கு நூறு கன்னு. ஆனா வருஷாவருஷம் நானே ஏறிக் காயைப் பறிச்சுடுறேன்க்கா. சத்தியமா."

"உனக்கப்புறம் வர்றவன் என் பொண்ணுக்காக எதுக்குடா ஏறணும்?"

"அப்ப பிரஷ்ஷக் குடுங்க. நான் போடுறேன்."

"நட்டது நீயா?"

நட்டவள் இல்லை, பெற்றவள் இருந்தாள்.

கன்று சாயாமலிருக்க மகள் தன் தலை ரிப்பனை அவிழ்த்துக் கம்போடு கட்டியிருந்தாள். அதை அவிழ்க்க யாருக்கும் மனம் வரவில்லை. ரிப்பன் இற்றுப்போயிருந்தது, இறுக்கிய தடம் மட்டும் அடிமரத்தைச் சுற்றி இருந்தது. அக்கா அந்தத் தடத்திலேயே வளையம் போட்டாள். பிரஷ் மறுபக்கம் எட்ட, மரத்தைக் கட்டிக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. வளையம் முடிந்தும் கையை எடுக்கவில்லை. நழுவல் ஏரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

இரவு சாப்பாடு பரிமாறும்போது கணவர் அவள் நகக்கண்ணைப் பார்த்தார். சிவப்பு. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவினார்.

அவள் ஓய்வுபெற்ற பின் வந்த முதல் ஞாயிறு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவர் சற்று நின்றார். திரும்பிவந்து அதைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். கூடத்தின் மறுகோடியில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் போக இடமில்லை.